போலீசும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை: ஃபாரன்சிக் சைக்காலஜி படித்த அனுபவம்

ஃபாரன்சிக் சைக்காலஜி படிக்கலாமா என்று கேட்டு வருகிற பிள்ளைகளில் பலர் சீரியல் கில்லர் தொடர்களைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவேன். எம்.எஸ்சி. படித்த காலத்தில் தொடர் கொலைகாரர்கள் எங்களுக்கு ஒரு யூனிட்டில் பாதிதான். மீதியெல்லாம் சாட்சிகளின் ஞாபகம், விசாரணைக் கைதிகள், வழக்கில் சிக்கிய சிறுவர்கள், மனநோய் இருப்பவரைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்கிற சிக்கல், அப்புறம் ரிப்போர்ட். எழுதி, அடித்து, திரும்ப எழுதிய ரிப்போர்ட்.

"ஏம்மா, இது போலீசு வேலையா, ஆஸ்பத்திரி வேலையா?" என்று அப்பா அப்போது கேட்டார். அதைவிட நல்ல கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை. இரண்டும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நின்று, ஒரு மனிதனின் மனநிலையைப் பற்றி நீதிமன்றத்துக்குப் புரிகிற மாதிரி எழுதித் தருகிற வேலை. நடுவில் நிற்பதால் பதவியின் பெயரும் குழப்பம், வேலைவாய்ப்பும் குழப்பம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் படித்தது காந்திநகரில். குஜராத் தடய அறிவியல் பல்கலைக்கழகமாக இருந்ததை 2020-இல் நாடாளுமன்றச் சட்டம் தேசியப் பல்கலைக்கழகமாக மாற்றியது. சென்னையில் பி.எஸ்சி. முடித்துவிட்டு நவஜீவன் எக்ஸ்பிரஸில் அகமதாபாத் போய் இறங்கியவளுக்கு மெஸ் பருப்பில் வெல்லம் போடுவதுதான் முதல் அதிர்ச்சி. அது பழகிவிட்டது. பழகாதது மொழி.

பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கும், அதில் கஷ்டம் இல்லை. கேஸ் எடுக்கப் போகும்போது எதிரில் உட்காருகிறவர் குஜராத்தியோ இந்தியோதான் பேசுவார். இந்தி படிக்காமல் வளர்ந்த நான் முதலில் கூட ஒருவரை வைத்துக்கொண்டுதான் பேட்டி எடுத்தேன். அவர் நல்ல மனுஷன்தான். ஆனால் எதிரில் இருப்பவர் ஐந்து நிமிஷம் பேசுவார், இவர் "தனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். மனநிலைப் பரிசோதனையில் எங்களுக்கு வேண்டியதே அந்த ஐந்து நிமிஷம்தான். பேச்சு கோர்வையாக இருக்கிறதா, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறதா, கேட்ட கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். சுருக்கிச் சொல்பவர் நல்லெண்ணத்தில் நோயின் அறிகுறியையே துடைத்துவிடுகிறார். அதனால் மொழிபெயர்க்க யாரை உட்கார வைத்தாலும், "அர்த்தமில்லாம இருந்தாலும் பரவாயில்லை, வரிக்கு வரி அப்படியே சொல்லுங்க" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வடக்கே போய்ப் படிக்க நினைப்பவர்கள் சேருவதற்கு ஆறு மாதம் முன்பே பேச்சு இந்தியை ஆரம்பித்துவிடுவது நல்லது.

எல்லாரும் ஆவலாகக் காத்திருந்தது பாலிகிராஃப் வகுப்புக்குத்தான். மார்பிலும் வயிற்றிலும் மூச்சை அளக்க இரண்டு குழாய், மேற்கையில் ரத்த அழுத்தப் பட்டை, விரல் நுனிகளில் வியர்வை மாற்றத்தைப் பிடிக்கிற தகடுகள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலே ஒரு தப்பும் செய்யாதவருக்கும் நெஞ்சு அடிக்கும். பயிற்சிக்கு எண் விளையாட்டு ஒன்று உண்டு. சில எண் அட்டைகளில் ஒன்றை எடுத்து ஒளித்துக்கொள்ள வேண்டும். "நீ எடுத்தது 2-ஆ? 3-ஆ? 4-ஆ?" என்று வரிசையாகக் கேட்கும்போது எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றே சொல்ல வேண்டும். எந்த "இல்லை"க்குக் கோடு எகிறுகிறதோ அதுதான் பொய் என்பது கணக்கு. நான் எடுத்தது 3. கோடு எகிறியது 6-க்கு. அந்த நேரத்தில் வராந்தாவில் யாரோ கதவை அறைந்திருந்தார்கள். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. சார்ட்டில் அந்த இடத்தைக் குறித்து, வெளிச் சத்தம் என்று எழுதி, மறுபடி முதலிலிருந்து கேட்கச் சொன்னார். கருவி பொய்யைக் கண்டுபிடிப்பதில்லை, உடம்பின் கிளர்ச்சியை அளக்கிறது, அவ்வளவுதான். அது பொய்யால் வந்ததா, பயத்தால் வந்ததா, கதவுச் சத்தத்தால் வந்ததா என்று பிரிப்பது கேள்வி கேட்பவரின் பொறுப்பு.

அதே வாரம் புள்ளியியல் வகுப்பில் ஒரு கணக்குப் போட்டோம். ஓர் ஆலையில் 1,000 பேர், அதில் 10 பேர் திருடர்கள் என்று வையுங்கள். நூற்றுக்கு 90 தடவை சரியாகச் சொல்கிற சோதனை ஒன்று இருப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். 10 திருடர்களில் 9 பேர் மாட்டுவார்கள். மீதி 990 நல்லவர்களில் 99 பேரும் மாட்டுவார்கள். மாட்டிய 108 பேரில் திருடர்கள் ஒன்பதே பேர். புள்ளியியல் பிடிக்காது என்று சொல்லிக்கொண்டு இந்தப் படிப்புக்கு வருபவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். கருவியே வேண்டாம், முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவேன் என்பவர்களுக்கும் ஒரு சேதி இருக்கிறது. நூற்றுக்கணக்கான ஆய்வுகளைச் சேர்த்துப் பாண்ட், டிபாலோ என்ற இருவர் 2006-இல் கணக்கிட்டபோது மனிதர்கள் பொய்யைப் பிரித்தறிவது 54 விழுக்காடு என்று வந்தது. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும்.

இந்தியாவில் இந்தச் சோதனைகளின் இடத்தை 2010 மே 5 அன்று வந்த செல்வி எதிர் கர்நாடக மாநிலம் தீர்ப்பு வரையறுத்துவிட்டது. பாலிகிராஃப், மருந்து கொடுத்து அரைமயக்கத்தில் பேச வைக்கிற நார்கோ, மூளை வரைபடச் சோதனை எதையும் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சியாக நிர்ப்பந்திக்கப்படக் கூடாது என்கிற அரசியலமைப்பின் 20(3) பிரிவுக்கு அது விரோதம் என்றது உச்ச நீதிமன்றம். சம்மதித்துச் செய்துகொண்டாலும் சோதனை முடிவே நேரடிச் சாட்சியம் ஆகாது. அதன் வழியாகப் பின்னால் ஏதாவது பொருள் கண்டெடுக்கப்பட்டால் அதைத்தான் ஏற்கலாம். சேருவதற்கு முன் இந்தத் தீர்ப்பை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள். ஒரு செமஸ்டர் பாடம் அதற்குள் இருக்கிறது. பெங்களூரு மனநல நிறுவனமான நிமான்ஸில் இருந்த சி.ஆர். முகுந்தன் உருவாக்கிய பியோஸ் (BEOS) என்கிற மூளை அலைச் சோதனையையும் அதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். சந்தேக நபர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார், சின்னச் சின்ன வாக்கியங்கள் காதில் விழும், அவர் வாயே திறக்க வேண்டியதில்லை, தலையில் பொருத்திய மின்முனைகள் மூளையின் அலைகளைப் பதியும். 2008-இல் புனேயில் ஒரு கொலை வழக்கில் இதையும் சேர்த்துக்கொண்டு தண்டனை கொடுத்தபோது உலகம் முழுக்க விஞ்ஞானிகளிடமிருந்து விமர்சனம் கிளம்பியது. என் கருத்தைக் கேட்டால், போதிய சரிபார்ப்பு இல்லாமல் ஆய்வுக்கூடத்தை விட்டு நீதிமன்றத்துக்குள் போகிற எந்தக் கருவியும் ஆபத்துதான், அது நம் ஊரிலேயே கண்டுபிடித்ததாக இருந்தாலும்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் மனநோயும் குற்றப் பொறுப்பும். பழைய தண்டனைச் சட்டத்தில் 84-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 22. எண் மாறியது, சாரம் அப்படியே இருக்கிறது. செயலைச் செய்த அந்த நேரத்தில், சித்தசுவாதீனம் இல்லாததால், தான் செய்வது என்ன என்றோ அது தவறு அல்லது சட்ட விரோதம் என்றோ அறிய முடியாத நிலையில் இருந்தவர் குற்றவாளி ஆகமாட்டார். இங்கிலாந்தில் 1843-இல் பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரைச் சுட்டுக் கொன்ற மெக்நாட்டன் வழக்கிலிருந்து வந்த விதி இது. ஸ்கிசோஃப்ரீனியா என்று டாக்டர் எழுதித் தந்துவிட்டால் போதும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். போதாது. நோய் இருந்ததா என்பது மருத்துவத்தின் கேள்வி. அந்த நிமிஷத்தில் அறியும் திறன் இருந்ததா என்பது சட்டத்தின் கேள்வி. குஜராத்திலிருந்து போன தாஹ்யாபாய் தக்கர் வழக்கில் 1964-இல் உச்ச நீதிமன்றம், சம்பவ நேரத்து மனநிலைதான் முக்கியம், அதை முன்னும் பின்னும் இருந்த நடத்தையிலிருந்து பார்க்கலாம் என்றது. ஆயுதத்தை ஒளித்தாரா, ஓடினாரா, அங்கேயே உட்கார்ந்திருந்தாரா என்றெல்லாம் நீதிபதிகள் கேட்பது அதற்காகத்தான். உளவியலாளர் அவரைப் பார்ப்பதோ பல மாதம் கழித்து, மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு.

இங்கே என் ஊர் எனக்குக் கை கொடுத்தது. நெல்லைப் பக்கம் சுடலைமாடன் கோயில் கொடையில் சாமியாடுகிற மாமாக்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். மாதாஜி, அதாவது அம்மன், தன்னோடு பேசுவதாகச் சொன்ன ஒருவரைப் பற்றிய கேஸ் குறிப்பு வகுப்பில் விவாதத்துக்கு வந்தபோது, பெரிய நகரங்களிலிருந்து வந்திருந்த நண்பர்கள் உடனே "மாயக்குரல்" என்று எழுதிவிட்டார்கள். எனக்குக் கை வரவில்லை. எங்கள் மாமாவுக்கும்தான் சாமி பேசும். கொடை முடிந்து மறுநாள் காலையில் அவர் பால் சொசைட்டிக்குப் போய்விடுவார், கணக்கில் பத்து பைசா பிசகாது. அதனால் நான் கேட்ட கேள்விகள் வேறு. குரல் திருவிழாவில் மட்டும் வருகிறதா, சும்மா இருக்கும்போதும் வருகிறதா? அவர் சொல்வதை ஊர்க்காரர்கள் சாமி வாக்கு என்று ஏற்றார்களா, இல்லை "இவனுக்கு என்னமோ ஆயிட்டு" என்று ஒதுங்கினார்களா? சின்ன வயதிலிருந்தே உண்டா, திடீரென்று போன வருஷம் ஆரம்பித்ததா? தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் எப்படி? கடைசியில் அந்தக் கேஸில் ஊர்க்காரர்களே ஒதுங்கியிருந்தார்கள், தூக்கமும் போயிருந்தது. ஆக நோய் என்ற முடிவுக்கே நானும் வந்தேன். ஆனால் வந்த வழி வேறு, நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையில் நிற்கப்போவது அந்த வழிதான். கிராமத்துப் பிள்ளைகள் இந்தப் படிப்புக்கு வருவதை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரிப்போர்ட் எழுதச் சொல்லிக்கொடுத்த மேடம் ஒரு பயிற்சி வைத்திருந்தார். யாரோ எழுதிய நான்கு பக்க ரிப்போர்ட்டைப் பெயர்களை நீக்கிவிட்டுக் கொடுப்பார். "கண்ணால பார்க்காத, காதால கேட்காத, டெஸ்ட்ல வராத எதுவா இருந்தாலும் அடி" என்பார். "அவருக்குக் குற்ற உணர்வு இல்லை" என்ற வரி போகும். அந்த இடத்தில் "சம்பவத்தைப் பற்றிக் கேட்டபோது தரையைப் பார்த்தபடி ஓரிரு சொற்களில் பதில் சொன்னார்" என்பது வரும். "ஆக்ரோஷமான குணம் கொண்டவர்" போகும். "பேட்டியின்போது இரண்டு முறை குரல் உயர்ந்தது, இரண்டு முறையும் மனைவியைப் பற்றிய கேள்விக்கு" என்பது வரும். அடித்து முடித்தால் நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமாக இளைத்திருக்கும். அந்த ஒன்றரைப் பக்கத்தை எந்த வக்கீலாலும் அசைக்க முடியாது. இந்தப் படிப்பில் எனக்குக் கிடைத்த பெரிய வரவு இதுதான்: எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவோடு நிறுத்துவது. இன்டர்ன்ஷிப்புக்கு வருகிற பிள்ளைகளுக்கு இன்றைக்கும் இதே பயிற்சியைத்தான் கொடுக்கிறேன்.

சிறைக்குப் போனதைப் பற்றி நிறைய பேர் கேட்பார்கள். கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், ஒரு பேனா, கொஞ்சம் தாள், அவ்வளவுதான் உள்ளே. நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். படித்துத் தெரிந்துகொண்டதுதான், ஆனால் நேரில் பார்க்கும்போது வேறு. நாங்கள் குழந்தைப் பருவம் எப்படி இருந்தது, அப்பா எப்படி என்று கேள்வித்தாளோடு போயிருப்போம். அவர்கள் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "மேடம், அடுத்த தாரீக் எப்போன்னு பாத்துச் சொல்ல முடியுமா?" வாய்தா தேதி. பேட்டி தொடங்கும் முன் நாம் சொல்ல வேண்டியவற்றை நிதானமாக, அவர்களுக்குப் புரிகிற வரை சொல்லியாக வேண்டும். நான் உங்கள் வக்கீல் இல்லை, வைத்தியம் பார்க்க வந்தவளும் இல்லை, நீங்கள் சொல்வது இரகசியமாக இருக்காது, ரிப்போர்ட்டில் போகலாம், விருப்பம் இல்லாவிட்டால் பதில் சொல்ல வேண்டாம். வழக்கமான கவுன்சிலிங் பழகியவர்களுக்கு இது ரொம்பக் கஷ்டம். அனுதாபமாகத் தலையாட்டினாலே அவர் நம்மை நம்பி மனசைத் திறந்துவிடுவார். அப்படித் திறக்கிறவரிடம் நடுவில் நிறுத்தி "இதுவும் எழுதப்படும், ஞாபகம் வச்சுக்கோங்க" என்று இரண்டாவது தடவை சொல்கிறவரைத்தான் நான் நல்ல உளவியலாளர் என்பேன்.

இப்போது தென் மாவட்டம் ஒன்றில் போக்சோ வழக்குகளில், அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளில், குழந்தைகளுக்குத் துணை நிற்கிற ஆதரவு நபராக இருக்கிறேன். 2012-ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைக்கு நிறையவே பாதுகாப்பு தந்திருக்கிறது. மூடிய அறையில் விசாரணை, எதிர்த்தரப்பு வக்கீல் நேரடியாகக் கேட்காமல் நீதிபதி மூலம் கேட்பது, திரும்பத் திரும்பக் குழந்தையைக் கூப்பிடாமல் இருப்பது. ஆனால் பல வழக்குகள் அதற்கெல்லாம் முன்னால், வீட்டிலேயே கெட்டுப்போகின்றன. பதறிய அம்மா, பெரியம்மா, டீச்சர் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள்: "அந்த மாமாதான தொட்டான்? இங்கதான?" குழந்தை ஆமாம் என்கிறது. 1974-இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, கார்கள் "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்று சிலரிடமும், "தொட்டபோது" என்ன வேகம் என்று சிலரிடமும் கேட்டார்கள். முதல் கேள்விக்குச் சராசரியாக மணிக்கு 40 மைலுக்கு மேல், இரண்டாவதற்கு 32-க்கும் கீழே. ஒரே படம்தான். அதுவும் வளர்ந்த கல்லூரி மாணவர்கள். ஆறு வயசுக் குழந்தைக்குக் கேட்கவா வேண்டும்? அதனால் பள்ளிகளில் பேசக் கூப்பிட்டால் டீச்சர்களிடம் நான் சொல்வது: குழந்தை தானாகச் சொன்னதை அதன் வார்த்தையிலேயே, நேரம் போட்டு எழுதி வையுங்கள். "அப்புறம் என்னாச்சு?" என்பதைத் தாண்டி எதையும் கேட்காதீர்கள். மீதியைப் பயிற்சி பெற்றவர் கேட்பார்.

சிறார் நீதிச் சட்டத்தின் 15-ஆவது பிரிவும் இந்தத் துறைக்கு ஒரு வாசல். கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளையைப் பெரியவராக விசாரிப்பதா என்று முடிவெடுக்கும் முன் நடக்கிற மதிப்பீடு. அதற்கு உளவியலாளர் உதவியைக் கேட்பார்கள். 2022-இல் உச்ச நீதிமன்றம் இந்த மதிப்பீட்டை ஏனோதானோவென்று செய்யக்கூடாது என்று கண்டித்துச் சொன்னது. ஐக்யூ எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, பின்விளைவு தெரிந்துதான் செய்தான் என்று எழுதுவது அநியாயம். கணக்கு நன்றாகப் போடுகிற பையனும் கூட்டாளிகள் நடுவில் யோசிக்காமல் கத்தி எடுப்பான்.

இரவில் ஹாஸ்டலில் கேஸ் ஃபைல் படிக்காதீர்கள். முதல் வருஷம் முடிவதற்குள் எங்கள் அறையில் இதை விதியாகவே வைத்துவிட்டோம். வேறொன்றும் இதைப் பற்றி விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இனி வேலை. எம்.எஸ்சி. ஃபாரன்சிக் சைக்காலஜி முடித்தால் மட்டும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த பயிற்சியும் பதிவும் வேண்டும். நீதிமன்றத்தில் "நீங்கள் பதிவு பெற்றவரா?" என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் கேள்வியாக இருக்கும். சிகிச்சையும் தர வேண்டும், நீதிமன்றத்திலும் நிற்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் கிளினிக்கல் வழியில் போய்விட்டு ஃபாரன்சிக் பக்கம் திரும்புவதே பத்திரமான பாதை. ஆய்வுக்கூடம், ஆராய்ச்சி, சிறை நலன், குழந்தைகள் பாதுகாப்பு என்றால் நேராக ஃபாரன்சிக்குக்கே போகலாம். மாநிலத் தடய அறிவியல் கூடங்களில் உளவியல் பிரிவுக்கான பணியிடங்கள் குறைவு, அறிவிப்பும் எப்போதாவதுதான் வரும். பிஎச்.டி., யு.ஜி.சி. நெட் என்று கல்லூரிப் பக்கம் போனவர்கள் என் வகுப்பில் நிறையவே உண்டு. இங்கிலாந்தில் "ஃபாரன்சிக் சைக்காலஜிஸ்ட்" என்பது சட்டப் பாதுகாப்பு உள்ள பட்டம். எம்.எஸ்சி.க்குப் பிறகும் மேற்பார்வையில் வருஷக்கணக்கில் பயிற்சி எடுத்து, எச்.சி.பி.சி. என்கிற அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பின் பதிவு வாங்கினால்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ஒரு வருஷ மாஸ்டர்ஸ் படித்தால் அங்கே வேலை என்று சொல்லும் ஏஜென்டுகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்கள்.

இன்னொரு விளம்பரமும் இப்போது ஓடுகிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவின்படி ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும், ஆகவே ஃபாரன்சிக் எது படித்தாலும் வேலை நிச்சயம் என்று. அந்தப் பிரிவு ரத்தம், கைரேகை, இழை போன்றவற்றைச் சேகரிப்பவர்களுக்கானது. அதனால் உளவியல் பணியிடங்கள் கூடும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

கட்டணம் கட்டும் முன் அந்தத் துறையிடம் நாலு விஷயம் கேட்டு வாங்குங்கள். கேஸ் எடுப்பது எங்கே, சிறையா, மருத்துவமனையா, ஆய்வுக்கூடமா, அதற்கு எழுத்தில் அனுமதி இருக்கிறதா? ரிப்போர்ட்டைத் திருத்தித் தரும் ஆசிரியர் எப்போதாவது நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்றிருக்கிறாரா? உளவியல் சோதனைகள் கையில் கொடுத்துப் பழக்குவார்களா, ஸ்லைடில் காட்டிவிட்டுப் போவார்களா? போன இரண்டு பேட்ச்சில் படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள், அவர்களில் இரண்டு பேரின் போன் நம்பர் கிடைக்குமா? கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.